ஹகீம் அஜ்மல் கான்: வைத்தியக் கல்வியைப் பொதுவில் வைத்த பெருமகன்

பாம்பனையும் மண்டபத்தையும் இணைக்கும் சாலைப் பாலம் திறக்கப்பட்டது 1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள். அதற்கு முன்பு இராமேசுவரம் தீவில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டு, பிள்ளை குறுக்கே கிடந்துவிட்டால், அவ்வீட்டார் என்ன செய்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1914 முதல் கடலின் மீது ஓடிய இரயில் இருந்தது. ஆனால் அது தன் நேரத்துக்குத்தான் வரும். தெருவில் இருந்த மருத்துவச்சியின் கைப்பழக்கமும், வாசலில் நின்றோரின் துஆவுமே அந்த இரவுக்குத் துணை. இது தீவுக்கு மட்டும் உரிய துயரமன்று. தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை என்று நம் கரையோர ஊர்கள் எங்கும், கோஷா காத்த குடும்பங்கள் ஆண் வைத்தியரிடம் தம் பெண்களைக் காட்டத் தயங்கின. பெண் வைத்தியரோ அரிதினும் அரிதாக இருந்தனர். தயங்கிய குடும்பத்தைக் குறை கூறுவது எளிது. ஒரு பெண்ணையேனும் வைத்தியம் படிக்க அனுப்பாத ஊரை நாம் என்றைக்காவது குறை கூறியிருக்கிறோமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யா உலூமித்தீன் என்னும் தம் பெருநூலில், வைத்தியக் கல்வியைப் பர்ளு கிஃபாயாவில் சேர்த்திருக்கிறார்கள். அதாவது, ஊரில் போதுமானவர்கள் அதைக் கற்றுக்கொண்டால் எல்லார் மீதும் உள்ள கடமை நீங்கும். ஒருவரும் கற்கவில்லையென்றால் ஊரார் அனைவருமே குற்றவாளிகள். தம் காலத்தில் பல ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர்கூட இல்லாதிருந்தும், மாணவர்கள் ஃபிக்ஹின் நுணுக்க வாதங்களிலேயே மொய்த்துக் கிடந்ததை அந்த இமாம் வருந்தி எழுதியிருக்கிறார்கள். ஓதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நான் அப்பகுதியை நாணமின்றிக் கடந்ததில்லை.

இந்தக் கடமையைத் தம் தோளில் சுமந்த ஒருவர் நூறாண்டுகளுக்கு முன் டில்லியில் வாழ்ந்தார். கிலாபத் இயக்கத் தலைவராகவும் காங்கிரஸ் தலைவராகவும் நம்மில் பலர் அறிந்த ஹகீம் அஜ்மல் கான் சாஹிப் அவர்களே அவர். அவருடைய அரசியலைப் பலரும் எழுதிவிட்டார்கள். வைத்தியம் கற்க வழியில்லாதிருந்தோருக்கு அவர் எவ்வாறு வழி செய்தார் என்பதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அவர் பிறந்தது 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள். முன்னோர்கள் மொகலாயர் காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவரான ஹகீம் சரீஃப் கான், பேரரசர் ஷா ஆலமின் அவைக்கு வைத்தியராக விளங்கியவர். அவர் பெயராலேயே அது சரீஃபி குடும்பம் என்று வழங்கலாயிற்று. அஜ்மல் கான் இளமையிலேயே திருக்குர்ஆனை மனனம் செய்து ஹாபிழ் ஆனார். அரபியும் பார்சியும் கற்றார். தந்தையாரிடமும் தமையன்மாரிடமும் யூனானி வைத்தியம் பயின்றார். 1892இல் இராம்பூர் நவாபின் தலைமை வைத்தியராய்ச் சென்று பல்லாண்டுகள் அங்கே பணிபுரிந்தார்.

அக்காலத்தில் வைத்தியம் என்பது ஒரு வீட்டுச் சொத்து. தந்தை மகனுக்குச் சொல்வார். மகன் பேரனுக்குச் சொல்வான். கைகண்ட மருந்தின் செய்முறையைக் குறிப்பேட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். நம் நாட்டு வைத்தியர்களிடமும் இப்பழக்கம் இருந்ததை நீங்கள் அறிவீர்கள். வைத்தியர் வீட்டில் பிறவாதவனுக்கு அந்தக் கல்வி எட்டாக்கனி. இந்தப் பூட்டை முதலில் திறந்தவர் அஜ்மல் கானின் மூத்த தமையனார் ஹகீம் அப்துல் மஜீத் கான். 1880களில் அவர் டில்லியில் மதரஸா திப்பியா என்னும் வைத்தியப் பள்ளியை நிறுவினார். மார்க்க மதரஸாவில் வகுப்பு வைத்துக் கிதாபு ஓதுவது போலவே அங்கே வைத்தியம் கற்பிக்கப்பட்டது. 1901இல் அவரும், சில ஆண்டுகளில் இரண்டாம் தமையனாரும் இவ்வுலகை நீத்துவிட, பள்ளியின் பாரம் முழுவதும் இளையவர் மீது விழுந்தது.

ஒரு கல்விச்சாலையைத் தொடங்குவதைக் காட்டிலும் அதற்கு நாள்தோறும் சோறு போடுவது கடினம் என்பதை மதரஸா நடத்தும் எவரும் அறிவர். ஆண்டுதோறும் ரசீதுப் புத்தகத்தோடு ஊர் ஊராய் அலையும் வழியை அஜ்மல் கான் முதன்மையாகக் கொள்ளவில்லை. ஹிந்துஸ்தானி தவாகானா என்ற மருந்தகத்தை அவர் நிறுவினார். யூனானி மருந்துகளையும் ஆயுர்வேத மருந்துகளையும் அது தரமாகத் தயாரித்து விற்றது. அதன் இலாபத்தை அவர் தம் குடும்பத்துக்கு வைத்துக்கொள்ளாமல் வைத்தியக் கல்விக்கே உரியதாக்கினார். டில்லியில் அவரைத் தேடி வந்த நோயாளிகளிடம் அவர் கட்டணம் கேட்டதில்லை. வெளியூருக்கு அழைத்த செல்வர்களிடமோ நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் என்று கண்டிப்பாகப் பெற்றுக்கொண்டார். அன்றைய ஆயிரம் ரூபாய் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இனி, நான் மிகவும் போற்றுகின்ற செயலுக்கு வருகிறேன். 1909ஆம் ஆண்டு அவர் பெண்களுக்கென்று தனியாக ஒரு வைத்தியப் பள்ளியையும், அதனோடு பெண்களுக்கான மருத்துவமனையையும் டில்லியில் திறந்தார். பிள்ளைப்பேறு பார்க்கும் முறையும் பெண்களுக்கு வரும் நோய்களின் சிகிச்சையும் அங்கே முறையாகக் கற்பிக்கப்பட்டன. அதுவரை பேறு பார்த்துவந்த மருத்துவச்சிகளை நகரத்துப் பெருங்குடிகள் பின்வாசல் வழியே அழைத்து, காரியம் முடிந்ததும் நாலணாவைக் கையில் வைத்து அனுப்பும் நிலை இருந்தது. உயிரைக் காக்கும் கைக்கு ஊரில் மதிப்பில்லை. அப்படிப்பட்ட தொழிலுக்கு வகுப்பறையும் பாடமும் தேர்ச்சிச் சான்றும் உண்டு என்று ஆக்கியது சிறிய செயலா? கோஷா காக்கும் குடும்பத்துப் பெண்ணும் கூச்சமின்றி வந்து சிகிச்சை பெற அங்கே வழியிருந்தது. பெண்களின் மானத்தைக் காப்பதற்கு அவர்களை வைத்தியமின்றி வீட்டில் வைத்திருப்பது வழியன்று, பெண்களையே வைத்தியம் கற்கச் செய்வதுதான் வழி என்று அவர் கண்டார்.

இதைப் புதுமை என்று எண்ணுவோர், மதீனாவை நினைவுகூர வேண்டும். அகழ்ப் போரில் காயமுற்ற சஅத் பின் முஆத் (ரலி) அவர்களை, நாயகம் (ஸல்) அவர்கள் ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கச் செய்தார்கள். அந்தக் கூடாரம் எங்கே இருந்தது தெரியுமா? மஸ்ஜிதுந் நபவியில்தான். காயத்துக்கு மருந்திடும் பெண்மணிக்குப் பள்ளிவாசலிலேயே இடம் கிடைத்த சமுதாயம் நம்முடையது.

அஜ்மல் கான் பழைமையை மட்டும் கட்டிக் காத்தவர் அல்லர். உடற்கூறும் அறுவைச் சிகிச்சையும் மேனாட்டாரிடமிருந்து கற்றுக்கொள்ளத் தக்கவை என்று அவற்றையும் பாடத்தில் சேர்த்தார். யூனானி தன் தூய்மையை இழந்துவிடும் என்று லக்னோவின் பெரிய ஹகீம் குடும்பத்தார் வேறு கருத்துக் கொண்டிருந்தனர். அவர் அதற்காகத் தயங்கவில்லை. 1911இல் இலண்டன் சென்றபோது, அங்கு சேரிங் கிராஸ் மருத்துவமனையில் பணியாற்றிய இளைஞர் டாக்டர் அன்சாரியோடு நட்புக் கொண்டார். அன்சாரியின் வாழ்க்கையை எழுதியோர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். அங்கே ஒரு நோயாளிக்குப் பித்தப்பையில் கோளாறு என்று தலைமை அறுவை மருத்துவர் கருத, நாடி பார்த்த ஹகீம் குடலில் புண் என்றாராம். வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஹகீமின் கூற்றே மெய்யாயிற்றாம். இந்நிகழ்ச்சியைச் சொல்லி மகிழ்வோர், அதே ஹகீம் தம் மாணவர்களுக்கு அந்த ஆங்கில அறுவை முறையைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதனிடையே, மேனாட்டு மருத்துவம் படித்தோரை மட்டுமே பதிவேட்டில் ஏற்கும் சட்டம் 1912இல் பம்பாயிலும் 1914இல் நம் சென்னை மாகாணத்திலும் வந்தது. நாட்டு வைத்தியர்களுக்கு இது பெரும் இடி. ஹகீம்கள் தனித்தும் வைத்தியர்கள் தனித்தும் நின்றால் இரு சாராரும் அழிவர் என்று கண்ட அஜ்மல் கான், ஆயுர்வேதப் பண்டிதர்களையும் யூனானி ஹகீம்களையும் ஒரே மாநாட்டு மேடையில் அமர்த்தினார். இரண்டையும் ஒரே வளாகத்தில் கற்பிக்கும் கல்லூரிக்கு இந்து மன்னர்களும் முஸ்லிம் நவாபுகளும் பொருளுதவி செய்தனர். 1916இல் வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1921ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் காந்தியடிகள் அதைத் திறந்து வைத்தார். மருத்துவமனைகள் பெருகுவதில் நாட்டமில்லாதவர் காந்தியடிகள்; ஆயினும் ஹகீம் சாஹிபுக்காக வந்தார். அன்று அவர் கையாலேயே ஹார்டிஞ்சு தம்பதியரின் படங்களும் திறந்து வைக்கப்பட்டன. ஒத்துழையாமை இயக்கம் கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. ஆங்கில அரசு தந்த பட்டத்தையும் பதக்கத்தையும் முந்திய ஆண்டே திருப்பிக் கொடுத்துவிட்டவர், கல்விக்கு உதவியவரின் நன்றியை மட்டும் மறக்கவில்லை. இந்த அதபு எத்தனை பேருக்கு வரும்?

அந்தக் கல்லூரியில் ஆங்கிலம் அறியாத இளைஞனும் படிக்க முடிந்தது. யூனானிப் பாடங்கள் உருதுவிலேயே நடந்தன. தாய்மொழியில் சொல்லிக் கொடுத்தால் எளிய வீட்டுப் பிள்ளையும் வைத்தியன் ஆவான் என்பது அங்கே கண்கூடாயிற்று.

அந்த அலை தெற்கேயும் வந்தது. சென்னை அரசு 1921இல் முஹம்மது உஸ்மான் சாஹிப் தலைமையில் நாட்டு வைத்திய முறைகளை ஆராயக் குழு அமைத்தது. அதன் பயனாகச் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி சென்னையில் உருவாயிற்று. 1979இல் அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. நம் மாநிலத்தில் யூனானி கற்க விரும்பும் பிள்ளை டில்லிக்குப் போகவேண்டிய தேவை அன்றோடு தீர்ந்தது.

இப்போது நம் கரைக்கு வாருங்கள். கடல் கடந்து பொருளீட்டிய நம் செல்வர்கள் கல்விக்குக் கை மூடியவர்கள் அல்லர். கீழக்கரையில் 1984இல் முகம்மது சதக் பொறியியல் கல்லூரியும், 1988இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும் எழுந்தன. 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு மூன்றரை விழுக்காடு இட ஒதுக்கீடு வந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2022ஆம் ஆண்டு சனவரியில் இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறந்து வைக்கப்பட்டது. கதவுகள் பல திறந்திருக்கின்றன. ஆனால் மீன்பிடி படகில் கூலிக்குப் போகும் ஒருவரின் மகளுக்கும் அந்தக் கதவுக்கும் இடையே எத்தனை தொலைவு! நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சிக் கட்டணம், விடுதிச் செலவு, வழிகாட்ட ஒருவரும் இல்லாமை, பெண்ணை வெளியூரில் விட அஞ்சும் தாய். டாக்டர் என்றால் மட்டுமே படிப்பு என்றும், நர்ஸ் வேலை நம் வீட்டுப் பெண்ணுக்கு இழுக்கு என்றும் நினைக்கும் வீண் பெருமை வேறு.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் சாஹிப், சென்னை குரோம்பேட்டையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது, கட்டணத்துக்காகச் சகோதரி ஸொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்தச் சகோதரியின் தியாகத்தை நாம் மேடைதோறும் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் ஒரு பிள்ளை படிக்க அக்காவின் வளையல் அடகுக் கடைக்குப் போகவேண்டியிருந்ததே, ஊருக்கென்று ஒரு நிதி இல்லாமற் போயிற்றே என்று எவரும் பேசக் கேட்டிலேன். ஜமாஅத்தும், பள்ளிக்கூடத்து ஆசிரியரும், ஊரில் பணி செய்யும் மருத்துவரும், கடல் கடந்து சம்பாதிப்பவரும் ஒன்றுகூடி ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்துக்கொள்ள இயலாதா? இதற்கு ஜகாத் பணத்தைக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அதற்குரிய விதிகளை உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சதகாவும் வக்ஃபும் உங்கள் கையில்தானே இருக்கின்றன? ஹிந்துஸ்தானி தவாகானாவை எந்த ஜகாத்தும் நடத்தவில்லை.

ஹகீம் சாஹிபின் பிற்காலம் ஓய்வற்றது. 1919இல் முஸ்லிம் லீகின் அமிருதசரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 1921இல் சித்தரஞ்சன் தாஸ் சிறையில் இருந்தமையால், அகமதாபாத் காங்கிரஸ் மாநாட்டுக்கு அவருக்குப் பதிலாகத் தலைமை தாங்கினார். ஜாமிஆ மில்லியாவின் முதல் வேந்தராகி, அது பொருளின்றித் தத்தளித்தபோது 1925இல் அலிகாரிலிருந்து டில்லிக்குக் கொணர்ந்து காத்தார். அரசாங்கப் பட்டத்தைத் துறந்த அவரை மக்கள் மஸீஹுல் முல்க் என்று அழைத்தனர்; நாட்டின் நோய் தீர்ப்பவர் என்பது அதன் கருத்து. பலரின் இதயத் துடிப்பை விரல் நுனியால் அறிந்த அவரை இதய நோயே வாட்டியது. 1927ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், இளமையில் பணிபுரிந்த அதே இராம்பூரில் அவர் ஆவி பிரிந்தது. உடல் டில்லியில் அடக்கம் செய்யப்பட்டது. அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக!

மறைவதற்கு முன் அவர் செய்து வைத்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஜெர்மனியில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்த ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி என்னும் இளைஞருக்கு உதவி செய்து, படிப்பு முடிந்து திரும்பியதும் திப்பியா கல்லூரியில் மூலிகை ஆராய்ச்சியை மேற்கொள்ளுமாறு அழைத்திருந்தார். அந்த இளைஞர் அவ்வாறே வந்து, ஹகீம்கள் நெடுங்காலமாய்க் கையாண்ட சர்ப்பகந்தா வேரை ஆராய்ந்தார். 1931இல் அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்குத் தம்மை ஆதரித்தவரின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். இதயத் துடிப்பின் ஒழுங்குக்கேட்டைச் சோதித்தறிய மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்தி வருகிறார்கள்.