காணாததும் உண்டு

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது. அம்பத்தூர் ஏரியிலோ கொரட்டூர் ஏரியிலோ முகந்த ஒரு குவளை நீரில் காரீயம் நுண்ணளவில் கலந்திருந்தால், அதனைக் கண்ணும் அறியாது, நாவும் அறியாது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்பது இந்தியத் தர வரையறை. அத்துணைச் சிற்றளவையும் இன்றைய ஆய்வுக்கூடங்கள் அளந்து காட்டுகின்றன. அவ்வளவையின் பின்னே நிற்கும் அறிவியல் கோட்பாடு ஒன்றைத் தந்தவர் மேகநாத் சாகா. அவர் ஆராய்ந்ததோ ஏரியை அன்று, கதிரவனை.

டாக்காவை அடுத்த சியோரதாலி என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், எளிய கடைக்காரர் ஒருவரின் மகனாகச் சாகா பிறந்தார். ஊரில் மேற்படிப்புக்கு வழியில்லை. அயலூர் மருத்துவர் ஒருவர் தம் இல்லத்தில் தங்க இடமளித்ததால் அவர் கல்வி தொடர்ந்தது. 1905இல் ஆளுநரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களோடு இணைந்தமையால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார், உதவித்தொகையையும் இழந்தார். பின்னர்க் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்றபோது, விடுதியில் சாதி வேற்றுமையின் கொடுமையையும் பொறுத்தார். எனினும் கற்றலை அவர் கைவிடவில்லை.

தனிமம் ஒவ்வொன்றுக்கும் தனித்த நிறமாலை வரிகள் உண்டு. கதிரவன் ஒளியில் ரூபிடியம், சீசியம் ஆகியவற்றின் வரிகள் தென்படாதது அறிஞர்களுக்குப் புதிராக இருந்தது. கடும் வெப்பத்தில் அணுக்கள் எலெக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. அதனால் அவற்றின் வரிகளும் மாறிவிடுகின்றன என்று சாகா விளக்கினார். வெப்பநிலை, அழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1920இல் வெளியிட்டார். வெப்பம் குறைந்த கதிரவக் கரும்புள்ளிகளில் அவ்வரிகள் தோன்றக்கூடும் என்றும் கணித்தார். ரூபிடியம் பின்னர் அங்கேயே கண்டறியப்பட்டது.

இன்று நீர் மாதிரியை நுண்துளிகளாக்கி, பல்லாயிரம் பாகை வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவில் செலுத்துகின்றனர். உலோக அணுக்கள் அயனிகளாகின்றன. கருவி அவற்றை நிறைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது. அங்கே காரீயம் ஏறத்தாழ முழுமையாக அயனியாகும். பாதரசமோ பாதியளவுகூட ஆகாது. இவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்குவது சாகாவின் சமன்பாடே.

1927இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரான சாகா, ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. ஆற்று வெள்ளத் தடுப்புக்கும் நாட்டுத் திட்டமிடலுக்கும் உழைத்தார். 1952இல் மக்களவை உறுப்பினரானார். 1956 பிப்ரவரி 16 அன்று, தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் உயிர்நீத்தார். காணப்படாமையால் ஒன்று இல்லை என்றாகிவிடாது என்று கதிரவனிடத்தில் அவர் கண்ட உண்மை, நம் ஏரி நீருக்கும் பொருந்தும்.