வந்த நாட்டைக் காத்த வீரர்

பிழைப்புத் தேடி வந்த ஓர் ஏழைக் குடும்பத்தின் பிள்ளை, வந்த நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைப் பெற்ற வரலாற்றை இங்கே காண்போம். அவர் பெயர் மக்காரியோ கார்சியா.

மெக்சிகோ நாட்டில் 1920-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோருக்குப் பத்துப் பிள்ளைகள். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறிற்று. பருத்திக் காட்டில் உழைக்க வேண்டியிருந்ததால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், அவர் அமெரிக்கப் படையில் சேர்ந்தார். அன்று அவர் அந்நாட்டின் குடிமகன்கூட அல்லர். 1944-இல் பிரான்சின் நார்மண்டிப் போரில் காயமுற்றார். குணமடைந்ததும் மீண்டும் போர்முனைக்கே சென்றார்.

அவ்வாண்டு நவம்பர் 27-ஆம் நாள், ஜெர்மனியில் குரோசாவ் என்னும் ஊருக்கு அருகே, மரமடர்ந்த குன்று ஒன்றைப் பிடிக்க அவருடைய படையினர் முன்னேறினர். எதிரியின் இயந்திரத் துப்பாக்கி சீறியது. தலைதூக்க முடியாமல் அனைவரும் தரையோடு கிடந்தனர். கார்சியாவும் காயம்பட்டிருந்தார். எனினும் பின்வாங்க மறுத்து, தன்னந்தனியே ஊர்ந்து சென்று, கையெறி குண்டுகளை வீசி அத்துப்பாக்கியை அழித்தார். திரும்பி வந்ததும் இன்னொரு துப்பாக்கி முழங்கியது. மறுபடியும் தனியே சென்று அதனையும் அழித்து, நால்வரைச் சிறைப்பிடித்தார். குன்று கைவந்த பின்னரே சிகிச்சைக்குச் செல்ல இசைந்தார். 1945 ஆகஸ்டு 23-ஆம் நாள் வெள்ளை மாளிகையில் அதிபர் ட்ரூமன் அவருக்கு உயரிய வீரப் பதக்கத்தை அணிவித்தார்.

அடுத்த மாதமே நடந்ததைக் கேளுங்கள்! டெக்சாஸில் ஓர் உணவு விடுதியில், மெக்சிகோக்காரர் என்ற காரணத்தால் அவருக்கு உணவு தர மறுத்தனர். கைகலப்பு நேர்ந்தது, வழக்கு அவர்மேலேயே தொடுக்கப்பட்டது. முடிவில் தண்டனையின்றி மீண்டார்.

ஆயினும் அவர் அந்நாட்டை வெறுக்கவில்லை. 1947-இல் குடியுரிமை பெற்றார். நின்றுபோன படிப்பைத் தொடர்ந்து, 1951-இல், தம் 31-ஆம் வயதில், உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெற்றார். முன்னாள் படைவீரர்களுக்கு ஆலோசகராக நெடுங்காலம் தொண்டாற்றினார். 1972-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் கார் விபத்தில் உயிர்நீத்தார். பின்னர் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது.

போரை நாம் போற்றவில்லை. பிறருக்காகத் தம்மையே மறந்த நெஞ்சைப் போற்றுகிறோம். அந்த விடுதியில் அவருடைய தோற்றத்தைத்தான் கண்டார்கள். அவர் யாரென்று காணவில்லை. நம் வகுப்பிற்கும் வெளியூரிலிருந்து, வேறு பேச்சோடு, ஒரு புதிய மாணவி வருவாள். அவளுக்கு நம் பெஞ்சில் முகமலர்ச்சியோடு இடம் தருவோமா? அன்னியரை ஏற்கச் சொன்ன ஆண்டவர் நம்மிடம் கேட்பதும் அதுவே.