லண்டனுக்குப் போனவர் நம்ம ஊரில் வந்து இறங்கிய கதை



நம் கேன்டீனில் பைனல் இயர் அண்ணன்கள் உட்கார்ந்தால் ஒரே பேச்சுதான். சிங்கப்பூரா, துபாயா? ஏஜெண்டுக்கு எவ்வளவு? எத்தனை வருஷத்தில் கடன் அடையும்? எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் அம்மாவும் இந்தக் கணக்கைத்தான் மனசுக்குள் போட்டு வைத்திருக்கிறார். அதனால் நூறு வருஷத்துக்கு முன் இதே கணக்கோடு கப்பல் ஏறிய ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அவர்தான் வ.வே.சு. ஐயர்.

1881-ல் திருச்சி வரகனேரியில் பிறந்தவர். வக்கீல் பரீட்சை தேறி திருச்சியிலே தொழில் பார்த்தார். பிறகு ரங்கூன் போனார். அங்கிருந்து 1907-ல் லண்டன். சில வருஷம் இருந்து பாரிஸ்டர் ஆகி ஊர் திரும்புவது, அவ்வளவுதான் திட்டம். மனைவி பாக்கியலட்சுமி ஊரில் காத்திருந்தார்.

ஆனால் லண்டனில் இந்தியா ஹவுஸ் என்ற விடுதி அவரை மாற்றிவிட்டது. சாவர்க்கர் போன்றவர்களோடு சேர்ந்து சுதந்திரப் போராட்டத்தில் இறங்கினார். ராஜ விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பாரிஸ்டர் பட்டமும் கைக்கு வரவில்லை என்பார்கள். 1910-ல் சாவர்க்கர் கைதானார். அடுத்தது தான்தான் என்று தெரிந்ததும் ஐயர் மாறுவேஷம் போட்டு பாரிஸுக்குத் தப்பினார். பல நாடு சுற்றி அந்த வருஷமே வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நம்ம புதுச்சேரி!

ஏன் இங்கே? அப்போது இது பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர். பிரிட்டிஷ் போலீஸ் இங்கே கை வைக்க முடியாது. பக்கத்திலிருக்கும் கடலூர் வேறு ராஜ்ஜியம்! பாரதியார் 1908-லேயே வந்துவிட்டார். அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்தார். ஐயருக்குத் திருச்சி ஒரு ராத்திரிப் பயண தூரம்தான். ஆனாலும் பத்து வருஷம் போக முடியவில்லை. மனைவிதான் இங்கே வந்து குடித்தனம் நடத்தினார். தெருவில் எப்போதும் வேவுக்காரர்கள் நின்றார்கள்.

1914-ல் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது. இங்கிருக்கும் தேசபக்தர்களை ஆப்பிரிக்காவுக்குக் கடத்த வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்களுக்கு நெருக்கடி வந்தது. நாமாக இருந்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஐயரோ அந்த நேரத்தில் உட்கார்ந்து திருக்குறளின் 1330 குறளையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்தார்! அது 1916-ல் வெளியானது. தமிழின் முதல் சிறுகதை என்று பலர் சொல்லும் ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதியதும் இந்தப் புதுச்சேரி வாசத்தில்தான்.

1920-ல் தடை நீங்கி ஊர் திரும்பினார். பத்திரிகை நடத்தி மறுபடி ஜெயிலுக்குப் போனார். பிறகு 1922-ல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிச் சாப்பாடு. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தார்கள். ஐயர் தாமே எல்லோரோடும் சாப்பிடுகிறவர். ஆனாலும் அந்தப் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீறத் தயங்கினார். இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. நான் அங்கே சேர்ந்திருந்தால் என்னை எங்கே உட்கார வைத்திருப்பார்கள்? லண்டன், பாரிஸ் பார்த்தவருக்கும் ஒரு பந்தியைத் தாண்டுவது கஷ்டமாக இருந்திருக்கிறதே!

1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகள் சுபத்திரா தவறி விழ, காப்பாற்றக் குதித்தவரும் திரும்பவில்லை. வயது 44.

நண்பர்களே, வெளிநாடு போகிறவர்கள் தாராளமாகப் போங்க. நானும் போவேன். ஆனால் மூணு வருஷம் என்று நாம் போடும் கணக்கு பத்தாகலாம். நினைத்த பட்டம் கிடைக்காமலும் போகலாம். இருக்கிற இடத்தில் உருப்படியாக ஒரு வேலை செய்தோமா என்பதுதான் மிஞ்சும். திரும்பி வரும்போது பெட்டியோடு மனசும் கொஞ்சம் பெரிசாகி வரட்டும். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.



— மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு மாணவன்