குடில் கட்டிய துறவி

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும். கிறிஸ்தவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்குக் கை பரபரக்கும். வைக்கோல் வாங்கி வருவார்கள். பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை செய்வார்கள். பரண் மேல் இருக்கும் பெட்டி கீழே இறங்கும். மாதா, சூசையப்பர், இடையர்கள், மாடு, கழுதை என்று பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். நடுவே தீவனத் தொட்டி. அதில் குழந்தை ஏசு. வாசலில் நட்சத்திர விளக்கு.

இதுதான் கிறிஸ்துமஸ் குடில்.

இந்தக் குடிலுக்கு ஒரு கதை உண்டு. 800 ஆண்டுகளுக்கு முன், இத்தாலியில் உள்ள ஒரு மலைக் கிராமத்தில், கண் பார்வை மங்கிக்கொண்டிருந்த ஒரு துறவி வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு கிறிஸ்துமஸ் இரவைக் கொண்டாடினார். அவர் பிறந்தது பணக்கார வீட்டில். உடுத்தியது ஒட்டுப்போட்ட அங்கி. அவர்தான் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ்.

துணி வியாபாரி மகன்

இத்தாலியின் நடுப்பகுதியில் இருக்கிறது அசிசி நகரம். அங்கே 1181 அல்லது 1182-ம் ஆண்டில் பிரான்சிஸ் பிறந்தார். தகப்பனார் பியெத்ரோ பெர்னார்டோனே. பெரிய துணி வியாபாரி. தாயார் பெயர் பிக்கா.

குழந்தை பிறந்தபோது தகப்பனார் ஊரில் இல்லை. வியாபாரத்துக்காகப் பிரான்சு நாட்டுக்குப் போயிருந்தார். தாயார் குழந்தைக்கு ஜொவான்னி என்று பெயர் வைத்தார். ஊர் திரும்பிய தகப்பனாரோ மகனைப் பிரான்செஸ்கோ என்று அழைத்தார். பிரான்சு தேசத்தான் என்பது போன்ற பெயர் அது. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பிரான்சிஸ் செல்லப் பிள்ளையாக வளர்ந்தார். பட்டாடை உடுத்துவார். நண்பர்களுக்கு விருந்து வைப்பார். இரவு நேரத்தில் தெருத் தெருவாகப் பாடிக்கொண்டு போவார். காசு தண்ணீராகச் செலவழிந்தது. குதிரை ஏறிச் சண்டை போட்டுப் பெரிய வீரனாகப் பெயர் எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

அதற்குச் சந்தர்ப்பமும் வந்தது. 1202-ம் ஆண்டில் அசிசிக்கும் பக்கத்து நகரமான பெரூஜியாவுக்கும் போர் மூண்டது. அசிசி தோற்றது. பிரான்சிஸ் பிடிபட்டார். சுமார் ஓர் ஆண்டு சிறையில் கிடந்தார். வெளியே வந்ததும் நோயில் விழுந்தார். எழுந்து நடமாடவே வெகு நாள் ஆயிற்று.

1205-ம் ஆண்டில் மறுபடியும் போருக்குப் புறப்பட்டார். ஆனால் ஸ்போலெட்டோ என்ற ஊரோடு பயணம் நின்றது. அங்கே இரவில் ஒரு குரல் கேட்டதாகவும், அது அவரை ஊருக்குத் திரும்பச் சொன்னதாகவும் வரலாறு சொல்கிறது. வீரனாகப் போனவர் வெறுங்கையோடு வந்தார். ஊர் சிரித்தது.

தொழுநோயாளி

பிரான்சிசுக்குத் தொழுநோயாளிகளைக் கண்டால் ஆகாது. தூரத்தில் அவர்கள் குடியிருப்பைப் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கொள்வார்.

ஒரு நாள் குதிரையில் போகும்போது எதிரே ஒரு தொழுநோயாளி வந்தார். குதிரையைத் திருப்பி ஓட்டிவிடலாம் என்று மனம் சொன்னது. பிரான்சிஸ் இறங்கினார். அவர் கையில் காசைக் கொடுத்தார். அந்தக் கையை முத்தமிட்டார்.

அன்று முதல் அவர் வேறு மனிதர். எது கசப்பாக இருந்ததோ அதுவே தனக்கு இனிப்பாக மாறிவிட்டது என்று, சாகும் தறுவாயில் எழுதி வைத்த மரண சாசனத்திலும் இதை மறக்காமல் குறிப்பிட்டார்.

தகப்பனாரும் மகனும்

அசிசிக்கு வெளியே சான் தமியானோ என்ற சிறு கோவில் இடிந்து கிடந்தது. அங்கே சிலுவை முன்னால் ஜெபித்துக்கொண்டிருந்தபோது, இடிந்து போகும் என் வீட்டைச் சீர்ப்படுத்து என்று ஆண்டவர் தன்னிடம் சொன்னதாகப் பிரான்சிஸ் உணர்ந்தார். அவர் அதை நேராகவே எடுத்துக்கொண்டார். தகப்பனார் கடையிலிருந்து துணியை எடுத்தார். பொலிஞ்ஞோ நகரத்துச் சந்தைக்குக் கொண்டு போனார். துணியையும் விற்றார், ஏறிப்போன குதிரையையும் விற்றார். பணத்தைக் கோவில் பாதிரியாரிடம் நீட்டினார். பாதிரியார் பயந்துபோய் வாங்க மறுத்தார். பிரான்சிஸ் அதை ஜன்னல் திண்டில் எறிந்தார்.

தகப்பனாருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பாடுபட்டுச் சேர்த்த பொருள். ஒரே கனவாக வளர்த்த பிள்ளை. அந்தப் பிள்ளையை இன்று தெருப் பையன்கள் பைத்தியம் என்று கூவிக் கல்லால் அடிக்கிறார்கள். மகனை இழுத்து வந்து இருட்டறையில் பூட்டினார். தாய் மனம் பொறுக்குமா? கணவர் வெளியூர் போன சமயம் பார்த்துத் தாயார் பூட்டைத் திறந்துவிட்டார்.

1206-ம் ஆண்டில் வழக்கு மேற்றிராணியார் குய்தோ முன்னால் வந்தது. ஊரே கூடியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றார் மேற்றிராணியார். பிரான்சிஸ் பணத்தைக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. உடுத்தியிருந்த துணி முழுவதையும் கழற்றித் தகப்பனார் காலடியில் வைத்தார். இனி எனக்குத் தகப்பன் பரலோகத்தில் இருக்கும் பிதா ஒருவரே என்று சொல்லிவிட்டார். மேற்றிராணியார் தம்முடைய மேலாடையால் அவரைப் போர்த்தினார். பியெத்ரோ துணியை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு மகனைத் தெருவில் கண்டால் தகப்பனார் சபிப்பாராம். அந்தச் சாபம் பிரான்சிசைச் சுட்டது. ஓர் ஏழையைத் தம்மோடு கூட்டிக்கொண்டு நடந்தார். தகப்பனார் சபிக்கும்போதெல்லாம் அந்த ஏழை பிரான்சிசை ஆசீர்வதிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தகப்பனாரும் மகனும் மறுபடி ஒன்று சேர்ந்ததாகப் பழைய வரலாறுகள் எதிலும் இல்லை.

ஏழைச் சபை

பிரான்சிஸ் கல் சுமந்தார். இடிந்த கோவில்களைத் தம் கையாலேயே கட்டினார். தொழுநோயாளிகளின் புண்ணைக் கழுவினார். வீடு வீடாகப் பிச்சை எடுத்தார்.

பைத்தியம் என்று சிரித்த ஊரிலிருந்தே ஆட்கள் அவர் பின்னால் வந்தார்கள். பெர்னார்டோ என்ற பணக்காரர் சொத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். பிரான்சிசோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஆனதும் ரோமாபுரிக்கு நடந்தார்கள். போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட் அவர்களுடைய வாழ்க்கை முறைக்குச் சம்மதம் கொடுத்தார். 1212-ம் ஆண்டில் கிளாரா என்ற பிரபுவின் மகளும் வீட்டை விட்டு வந்து சேர்ந்தார். பெண்களுக்கும் ஒரு சபை உண்டாயிற்று.

அது சிலுவைப் போர்க் காலம். 1219-ம் ஆண்டில் கிறிஸ்தவப் படைகள் எகிப்தில் தமியேத்தா நகரத்தை முற்றுகை போட்டிருந்தன. பிரான்சிஸ் அங்கே போனார். ஆயுதம் ஏதும் இல்லாமல் எதிரியின் பாசறைக்குள் நடந்து சென்று சுல்தான் அல் காமிலைச் சந்தித்தார். தமது மதத்தைப் பற்றிப் பேசினார். சுல்தான் மரியாதையோடு கேட்டார். பத்திரமாகத் திருப்பி அனுப்பினார். போர் நிற்கவில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்த காலத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசினார்கள் என்பது உலகத்துக்கு நினைவிருக்கிறது.

கிழக்கே போய்வந்த பிரான்சிசுக்குக் கண் நோய் கண்டது. நாளுக்கு நாள் பார்வை மங்கியது. வெளிச்சம் பட்டால் கண்ணில் நீர் கொட்டும்.

வேறொரு வேதனையும் இருந்தது. சபை ஆயிரக்கணக்கானவர்களாகப் பெருகிவிட்டது. கூட்டம் பெருகினால் கட்டடம் வேண்டும், புத்தகம் வேண்டும், பொருள் வேண்டும் என்று கேட்கிறவர்களும் வருவார்கள் அல்லவா? ஒன்றுமே வைத்துக்கொள்ளக் கூடாது என்ற பிரான்சிசின் கொள்கை பலருக்குக் கடினமாகப் பட்டது. 1220-ம் ஆண்டில் அவர் தலைமைப் பதவியை விட்டு இறங்கினார். சபைக்கான விதிகளைத் திருத்தித் திருத்தி எழுதினார். கடைசியில் 1223 நவம்பர் 29-ந் தேதி போப்பாண்டவர் மூன்றாம் ஹொனோரியஸ் அந்த விதிகளை உறுதி செய்தார்.

அப்போது கிறிஸ்துமசுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

கிரேச்சோ இரவு

ரியெத்தி பள்ளத்தாக்கின் மேலே பாறையில் தொற்றிக்கொண்டிருப்பது போன்ற ஊர் கிரேச்சோ. அங்கே ஜொவான்னி என்ற பெரிய மனிதர் பிரான்சிசின் நண்பர். கிறிஸ்துமசுக்குச் சுமார் பதினைந்து நாட்களுக்கு முன் பிரான்சிஸ் அவருக்கு ஆள் அனுப்பினார். பெத்லகேமில் பிறந்த குழந்தை என்ன கஷ்டத்தில் கிடந்தது, வைக்கோல் மேல் எப்படிப் படுத்திருந்தது என்பதைக் கண்ணாலேயே காண ஆசைப்படுவதாகச் சொல்லி அனுப்பினார்.

கண் மங்கிய மனிதர் கண்ணால் காண ஆசைப்பட்டார்!

அதற்கு முன்பும் ஏசுவின் பிறப்பைக் கோவில்களில் படமாக வரைந்தது உண்டு. நாடகமாக நடித்ததும் உண்டு. ஆனால் அந்தப் படங்களில் தங்கம் மின்னும். மாதா அரசியைப் போல் இருப்பார். பிரான்சிஸ் கேட்டது அதுவல்ல. ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவுதான். புதுமையாக இருக்கிறதே என்று யாரும் குறை சொல்லாதபடி போப்பாண்டவரின் அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டார் என்று பிற்கால வரலாறு கூறுகிறது.

அன்று இரவு சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் ஆணும் பெண்ணுமாகத் தீப்பந்தமும் மெழுகுவர்த்தியும் ஏந்திக் காட்டு வழியே ஏறி வந்தார்கள். மலை முழுவதும் வெளிச்சம். பாட்டுச் சத்தம் பாறைகளில் எதிரொலித்தது.

தொட்டிக்கு மேலேயே பூசை நடந்தது. பிரான்சிஸ் குருப்பட்டம் பெறாதவர். குருவுக்கு அடுத்த நிலையான தியாக்கோன் பட்டம் மட்டுமே பெற்றவர். ஆகவே அவர் சுவிசேஷத்தைப் பாடினார். பிறகு பிரசங்கம் செய்தார். பெத்லகேம் என்ற சொல் அவர் வாயிலிருந்து ஆட்டுக்குட்டி கத்துவது போல் குழைந்து வந்ததாம். சொல்லி முடித்து உதட்டை நாக்கால் தடவிக்கொள்வாராம், தேன் ஒட்டியிருப்பது போல!

தொட்டியில் பொம்மை எதுவும் இல்லை. ஆனால் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கு ஒரு காட்சி தெரிந்ததாம். உயிரற்றது போல் ஒரு குழந்தை தொட்டியில் கிடக்கிறது. பிரான்சிஸ் கிட்டப் போய் அதைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிறார். மனிதர்கள் மனத்தில் மறக்கப்பட்டுக் கிடந்த ஏசுவை அவர் எழுப்பிவிட்டார் என்று அவருடைய முதல் வரலாற்றை எழுதிய செலானோ ஊர் தோமாஸ் இதற்குப் பொருள் சொல்கிறார்.

பூசை முடிந்ததும் அந்த வைக்கோலை எடுத்து வைத்திருந்து நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள்.

கிறிஸ்துமஸ் என்றால் பிரான்சிசுக்கு அப்படி ஒரு பிரியம். அன்றைக்குப் பணக்காரர்கள் ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போட வேண்டும் என்பார். மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட அதிகமாகத் தீனி வைக்க வேண்டும் என்பார். மகாராஜாவைப் பார்க்க முடிந்தால் ஒரு சட்டம் போடச் சொல்வேன் என்பார். என்ன சட்டம்? கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் சாலையில் தானியம் தூவ வேண்டும். வானம்பாடிகள் வயிறு நிறையத் தின்ன வேண்டும்!

வானம்பாடிகள்

அதன் பின் அவர் மூன்று ஆண்டுகள்கூட வாழவில்லை. 1224 செப்டம்பரில் லா வெர்னா மலையில் தவம் இருந்தபோது, ஏசுவின் ஐந்து காயங்கள் போன்ற காயங்கள் அவர் உடலில் தோன்றின. கண் நோய்க்காக வைத்தியர் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கன்னத்திலிருந்து புருவம் வரை சுட்டார். பிரான்சிஸ் நெருப்பைச் சகோதரனே என்று அழைத்து, என்னிடம் இரக்கமாக நடந்துகொள் என்று கேட்டுக்கொண்டார். சுட்டும் பயன் இல்லை. வெளிச்சத்தையே தாங்க முடியாத நிலையில், 1225-ம் ஆண்டில், சூரியனையும் நிலாவையும் உடன்பிறந்தவர்களாகப் பாடிக் கடவுளைப் புகழ்ந்தார். இத்தாலிய மொழியின் ஆதி இலக்கியங்களில் ஒன்றாக அந்தப் பாட்டு எண்ணப்படுகிறது.

1226 அக்டோபர் 3-ந் தேதி மாலை. தம்மை வெறுந்தரையில் கிடத்தும்படி பிரான்சிஸ் கேட்டிருந்தார். தகப்பனார் முன்னால் துணியைக் கழற்றி வைத்த அதே மனிதர், தமக்கென்று ஒன்றும் இல்லாமலே போக விரும்பினார். இருட்டும் வேளையில் உயிர் பிரிந்தது. வெளிச்சத்தை விரும்பும் வானம்பாடிகள் அந்தி நேரத்தில் கூட்டமாக வந்து குடிசையின் கூரைக்கு மேல் வட்டமிட்டுப் பாடின என்று வரலாறு கூறுகிறது.

இரண்டே ஆண்டுகளில், 1228-ல், போப்பாண்டவர் ஒன்பதாம் கிரிகோரி அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். கிரேச்சோவில் நடந்தது பிறகு ஊர் ஊராக, நாடு நாடாகப் பரவியது. உயிருள்ள மாட்டுக்குப் பதில் மண் மாடு வந்தது. மரப் பொம்மைகள் வந்தன. கடல் கடந்து நம் ஊர்க் கோவில்களுக்கும் வீடுகளுக்கும் குடில் வந்து சேர்ந்தது.

இன்று குடிலில் வண்ண விளக்குகள் மின்னுகின்றன. செயற்கை அருவிகூடக் கொட்டுகிறது. குழந்தைகளுக்கு அது ஆனந்தம், இருக்கட்டும். அந்த அலங்காரங்களுக்கு நடுவே ஒரு பிடி வைக்கோல் கிடக்கும். பிரான்சிஸ் காண விரும்பியது அதைத்தான். குடிலைக் கட்டி முடித்த கையோடு, பசித்த ஒருவருக்கு ஒரு வேளைச் சோறும், வாசலில் பறவைகளுக்கு ஒரு பிடி தானியமும் வைத்தால், மகாராஜாவிடம் அவர் கேட்க நினைத்த சட்டம் ஒரு வீட்டிலாவது நிறைவேறியதாகும்.