ஊறுகாய் சோதித்த வேலையிலிருந்து அம்மை மாத்திரை வரை: யார் இந்த கெர்ட்ரூட் எலியான்?

வீட்டில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் தலைமாட்டில் வேப்பிலை இருக்கும். இப்போ பல வீடுகளில் அதற்குப் பக்கத்திலேயே ஒரு மாத்திரை அட்டையும் இருக்கு. பெயர் அசைக்ளோவிர். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 வேளை என்று டாக்டர் எழுதியிருப்பார். 5 வேளையா என்று மெடிக்கல் ஷாப்பில் சந்தேகமாகத் திரும்பக் கேட்பவர்கள் நிறைய. இந்த மாத்திரை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், அதை ஏன் அவ்வளவு அவசரமாக ஆரம்பிக்கச் சொல்கிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

கெர்ட்ரூட் எலியான் 1918-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா பல் மருத்துவர். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் குடும்பத்தின் பணம் போய்விட்டது. 15 வயதில், ரொம்பப் பிரியமான தாத்தா வயிற்றுப் புற்றுநோயில் இறந்ததைப் பார்த்தார். நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கணும், அதற்கு வேதியியல் படிக்கணும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். ஹண்டர் கல்லூரியில் கட்டணம் கிடையாது என்பதால் படிப்பு சாத்தியமானது. 1937-ல், 19 வயதில், உயர் மதிப்பெண்ணோடு பட்டமும் வாங்கினார்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமே. மேற்படிப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் கைவிரித்தார்கள். ஆய்வகத்தில் ஒரு பெண் இருந்தால் மற்றவர்களின் கவனம் சிதறும் என்று நேர்காணலில் காரணம் சொன்னவர்களும் உண்டு. (இதை ஒரு காரணமாகச் சொன்னார்கள் என்பதை இன்று நம்பவே கஷ்டமா இருக்கு.) முதலில் சம்பளமே இல்லாமல் ஒரு ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தார். பிறகு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே 1941-ல் முதுகலை முடித்தார். அதே ஆண்டில், அவர் கல்யாணம் செய்துகொள்ள இருந்தவர் இதய உள்ளுறையில் வந்த பாக்டீரியா தொற்றால் இறந்துபோனார். பென்சிலின் புழக்கத்துக்கு வர இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. எலியான் கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

அடுத்து கிடைத்தது ஒரு மளிகை நிறுவனத்தின் தரச் சோதனை வேலை. ஊறுகாயில் புளிப்பு சரியா இருக்கா, மயோனைஸ் நிறம் சரியா இருக்கா என்று பார்ப்பதுதான் பணி. உலகப் போரால் ஆய்வகங்களில் ஆண்கள் குறைந்தபோதுதான் கதவு திறந்தது. 1944-ல் பரோஸ் வெல்கம் மருந்து நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் அவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். வேலை முடிந்த பிறகு முனைவர் பட்ட வகுப்புக்கும் போனார். முழுநேரமாக வந்தால்தான் பட்டம் என்று கல்லூரி சொன்னதும், அவர் வேலையைத் தேர்ந்தெடுத்தார்.

போலிச் செங்கல்

செல்லோ வைரஸோ பெருகணும்னா தன் டிஎன்ஏவை நகல் எடுத்தாகணும். ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கி சுவர் கட்டுவது போன்ற வேலை அது. அந்த வரிசையில் போலிச் செங்கல்லை நுழைத்தால் கட்டுமானம் நின்றுவிடும். ஹிட்சிங்ஸ், எலியான் இருவரின் அடிப்படை யோசனை இதுதான். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தரப்படும் மெர்கேப்டோபியூரின் இப்படி வந்ததுதான். சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு உதவிய அசதையோபிரினும் அப்படியே.

1940-களின் கடைசியிலேயே அவர்களின் ஒரு மூலக்கூறு வைரஸையும் தடுத்தது. ஆனா அது நோயாளியின் நல்ல செல்களையும் சேர்த்து அடித்ததால் ஓரங்கட்டப்பட்டது. கிட்டத்தட்ட 20 வருடம் கழித்து எலியான் அதே பாதைக்குத் திரும்பினார். நிறுவனத்தில் இருந்த ஹோவர்ட் ஷெஃபர் உருவாக்கிய அசைக்ளோவிர், 1974-ல் ஹெர்பிஸ் வைரஸ் மீது அசத்தலாக வேலை செய்தது தெரியவந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டியது எலியான் குழு.

நல்ல செல்லுக்குள் இந்தப் போலிச் செங்கல் பெரும்பாலும் சும்மாவே கிடக்கும். வைரஸ் தன்னோடு கொண்டுவரும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி பட்டால்தான் விழிக்கும். அதாவது, தனக்கு வைக்கப்பட்ட வெடிக்கு வைரஸே தீ வைக்கிறது. வைரஸுக்கு இப்படிக் குறிவைத்த மருந்து சாத்தியமே இல்லை என்று பலரும் நினைத்திருந்த காலம் அது.

அப்போ, அவசரம் எதுக்கு?

இந்த மருந்து நகல் எடுப்பதைத்தான் நிறுத்தும். ஏற்கெனவே பெருகிவிட்ட வைரஸை அழிக்காது. அதனால்தான் சின்னம்மைக்கு கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள்ளும், அக்கிக்கு 72 மணி நேரத்துக்குள்ளும் ஆரம்பிப்பது நல்லது என்கிறார்கள். உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடுவதால்தான் 5 வேளை.

ஆக, சீக்கிரமா அடையாளம் காணணும். சின்னம்மையில் காய்ச்சல், அசதி, பிறகு அரிப்போடு நீர்க்கொப்புளங்கள். முகம், மார்பு, முதுகு என்று அலை அலையாக வரும். ஒரே இடத்தில் சிவப்புப் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றும் கலந்து இருந்தால் பெரும்பாலும் அதுதான். அக்கி வேற மாதிரி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலோ வலியோ முதலில் வரும். சில நாளில் அதே இடத்தில் பட்டையாகக் கொப்புளம் கிளம்பும், பொதுவாக நடுக்கோட்டைத் தாண்டாது. இரண்டுக்கும் காரணம் ஒரே வைரஸ்தான். சின்னம்மை ஆறிய பிறகு நரம்பு முடிச்சுகளில் தூங்கி, பல வருடம் கழித்து அக்கியாக எழுந்திருக்கும். தூங்கும்போது அது நகல் எடுப்பதில்லை, அதனால் அசைக்ளோவிர் அங்கே செல்லாது.

நம்ம ஊரில் அக்கி என்றால் காவி மண் குழைத்து எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. அந்தக் காத்திருப்பில்தான் 72 மணி நேரம் கரையுது. கொப்புளம் ஆறியும் மாதக்கணக்கில் நரம்பு வலி நீடிக்கலாம், குறிப்பாக வயதானவர்களுக்கு. கண்ணைச் சுற்றியோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போகணும், பார்வைக்கே ஆபத்து.

எல்லாக் கொப்புளத்துக்கும் இந்த மாத்திரை கிடையாது. குழந்தைகளுக்கு உள்ளங்கை, பாதம், வாயில் வரும் கை-கால்-வாய் நோய்க்குக் காரணம் வேறு வகை வைரஸ், அதனிடம் அந்த நொதியே இல்லை. ஆரோக்கியமான குழந்தைகளுக்கு சின்னம்மை பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. பெரியவர்கள், கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் உடனே டாக்டரைப் பார்க்கணும். எல்லாக் கொப்புளமும் பொருக்கு தட்டும்வரை சின்னம்மை மற்றவர்களுக்குப் பரவும். அக்கிக் கொப்புளத்தைத் தொட்டால்கூட, சின்னம்மை வராதவருக்கு சின்னம்மை வரலாம்.

அமெரிக்காவில் அசைக்ளோவிருக்கு 1982-ல் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டு எலியான் ஓய்வு பெற்றார். 1988-ல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோரோடு மருத்துவ நோபல். முனைவர் பட்டம் முடிக்காத அவருக்குப் பல பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தன. 1999 பிப்ரவரியில், 81 வயதில் காலமானார். தன் மருந்துகளால் பிழைத்தவர்கள் எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார்.