கோட்டையூர் ரோஜா முத்தையா

சென்ற கோடை விடுமுறையில் தொட்டியத்தில் எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தபோது, தகரப் பெட்டி ஒன்று கீழே இறங்கிற்று. என் மாமா பள்ளிப் பருவத்தில் சேர்த்து வைத்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இதழ்கள் அதில் இருந்தன. காவிரிக் கரை ஈரமும் கரையானும் பாதிக்குமேல் தின்று தீர்த்திருந்தன. மீதியைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட அம்மா கட்டி வைத்துவிட்டார். கட்டை அவிழ்த்து நான் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு அப்போது எனக்கு விடை தெரியவில்லை.

1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டது முத்து காமிக்ஸ். லயனும் ராணியும் 1984இல் வந்தன. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கி, பத்துக் கை மாறி, அட்டை கிழிந்து, அடுப்பெரிக்கப் போன இதழ்கள் எத்தனையோ! ராணி 2005இல் நின்றது. முத்துவும் லயனும் 2012இல் புதுப் பொலிவோடு எழுந்தன. ஆயினும் புத்தகக் கண்காட்சிகளில் அக்கடை முன் நிற்போரில் நரைத்த தலைகளே மிகுதி என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அவர்களுக்குப் பின் இவற்றைச் சேர்ப்பார் உண்டா? நம் வயதினர் சேர்ப்போமா? இவ்வினா எழுந்தபோது நினைவுக்கு வந்தவர்தாம் ரோஜா முத்தையா.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரை வள்ளல் அழகப்பர் பிறந்த ஊர் என்றே நம்மில் பலர் அறிவோம். முத்தையாவும் அவ்வூர்க்காரரே. பெரும்புலவர் அல்லர், பல்கலைக்கழகப் பட்டம் அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் அவர். தொழில் அவரைச் சென்னைக்கு இட்டுச் சென்றது. சென்னை அவரை மூர் மார்க்கெட்டுக்கு இட்டுச் சென்றது. 1900இல் எழுந்து 1985இல் தீக்கு இரையான அந்தச் சிவப்புக் கட்டடத்தின் பழைய புத்தகக் கடைகளில் தமிழ்நாட்டு வீடுகள் கழித்துக் கட்டிய அச்சுத்தாள் எல்லாம் வந்து குவிந்தது. 1950ஆம் ஆண்டையொட்டி அவர் சேகரிக்கத் தொடங்கினார். வாழ்நாள் இறுதிவரை நிறுத்தவில்லை.

சங்க இலக்கியப் பதிப்புகளையும் சமய நூல்களையும் சேர்த்தவர்கள் அவருக்கு முன்னும் இருந்தார்கள். முத்தையா அவற்றோடு நிற்கவில்லை. நாடகக் கொட்டகைகள் தெருவில் இறைத்த விளம்பரத் தாள், படக்கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம், நாட்டு மருத்துவச் சுவடி, மலிவு விலை நாவல், திருமண அழைப்பிதழ், யாரோ யாருக்கோ எழுதிய கடிதம் எனக் கற்றோர் கை நீட்டித் தொடாதவற்றையெல்லாம் அவர் தொட்டார். நாடகம் முடிந்த மறுநாள் அந்த நோட்டீசு குப்பை. ஐம்பது ஆண்டு கழித்து, எந்த ஊரில் எந்த நாடகத்தில் எந்த நடிகை நடித்தார் என்பதற்கு அதைவிட்டால் வேறு சான்று இல்லை! இதை அவர் உணர்ந்திருந்தார் என்பதே என் கருத்து. வெறும் ஆசையால் சேர்த்தவர் கண்ணில் பட்டதில் அழகானதை மட்டுமே எடுத்திருப்பார்.

பின்னர் கோட்டையூருக்கே திரும்பி, சேகரிப்பை அங்கே வளர்த்தார். காலமும் அவருக்கு இடம் கொடுத்தது எனலாம். 1942இல் பர்மா போரில் சிக்கியபின் செட்டிநாட்டு மாளிகைகள் பல ஒடுங்கின, சில பூட்டப்பட்டன. தேக்குத் தூணுக்கும் பித்தளைப் பாத்திரத்துக்கும் விலை இருந்தது. புத்தகக் கட்டுக்கு ஏது விலை?

அவரிடம் நான் பெரிதும் மதிப்பது சேர்த்ததை அன்று, சேர்த்ததைத் திறந்து வைத்ததை. ஆய்வாளர்கள் உள்நாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் அவ்வூருக்கு வந்தார்கள். எந்தப் பெரிய நூலகத்திலும் கிட்டாத நூல் அந்த வீட்டில் கிட்டியது. பெட்டியில் பூட்டி, திறக்கும்போதெல்லாம் தானே மகிழும் சேகரிப்பாளர்களை நாம் அறிவோம். (என் மாமாவும் அப்படித்தான், தொடவே விட மாட்டாராம்!) பூட்டிய பெட்டியின் அருமை பூட்டியவரோடு போய்விடும். அடுத்து வருபவருக்கு அது வெறும் எடை.

1992இல் முத்தையா மறைந்தார். அப்போது அவர் விட்டுச் சென்றவை ஏறத்தாழ ஒரு லட்சம். அவற்றுள் பாதி நூல்கள். சிதறிப் போக எல்லா வாய்ப்பும் இருந்தது. அரிய நூல்களைப் பொறுக்கி ஒருவர், பாட்டுப் புத்தகங்களை ஒருவர், மிச்சத்தைப் பழைய பேப்பர்க்காரர் என்று பிரிந்திருந்தால் இன்று அவர் பெயரை யார் அறிவார்? 1994இல் சிகாகோப் பல்கலைக்கழகம் முழுவதையும் ஒன்றாக வாங்கியது. கப்பலேற்றிக் கொண்டு போகாமல் தமிழ்நாட்டிலேயே வைத்தது. அவர் பெயரிலேயே அமைந்த ஆராய்ச்சி நூலகம் 1996இல் சென்னையில் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. நொறுங்கும் தாள்கள் நுண்படச் சுருளில் ஏறின. முகப்பேரில் தொடங்கிய அந்நூலகம் இப்போது தரமணியில் இயங்குகிறது. திரைப்பட வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரன் அதன் இயக்குநராக இருந்தவர். தமிழர் செல்வத்தைக் காக்கக் கடல் கடந்து பணம் வர வேண்டியிருந்ததே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் 1992க்கும் 1994க்கும் இடைப்பட்ட அந்த ஈராண்டில் நாம் என்ன செய்தோம் என்று கேட்டால், வருத்தப்படும் உரிமையும் குறைந்து போகிறது.

இதை வைத்துக் காமிக்ஸைப் பற்றி நினைத்துப் பார்க்கிறேன். இளைஞர்கள் கைப்பேசியில் படிக்கிறார்கள், ஆகவே சேகரிப்பு அழியும் என்று பெரியவர்கள் சொல்வது முழு உண்மை அன்று. முத்தையா சேர்த்த நாடக நோட்டீசை அவர் காலத்து இளைஞர்களும் விரும்பவில்லை. அந்த நாடகங்களைப் பார்த்திராத தலைமுறைதான் அந்த நோட்டீசுகளைத் தேடி வந்தது. மாயாவியின் சாகசத்தில் என் தம்பிக்கு நாட்டம் இல்லை. ஆனால் பின்னட்டை விளம்பரங்களையும், வாசகர் கடிதப் பக்கத்தில் முசிறி, தா. பேட்டை என்று நம் ஊர்ப் பெயர்கள் வந்திருக்கின்றனவா என்பதையும் அவன் ஒரு மாலை முழுதும் உட்கார்ந்து தேடினான்.

மாமாவின் பெட்டியில் தப்பியவை முப்பத்தொன்று. இதழ் எண், ஆண்டு, விலை, கிழிந்த பக்கம் என நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதி வருகிறோம். வேப்பிலையை உலர்த்திப் பெட்டியில் போட்டிருக்கிறேன். பூட்டு வாங்கவில்லை. நம் வகுப்பில் யார் வீட்டுப் பரணிலாவது இப்படி ஒரு பெட்டி இருந்தால், பொங்கலுக்கு வீடு ஒழிக்கும் முன்பே தெரிவியுங்கள். நோட்டில் இன்னும் இருபத்தெட்டுப் பக்கம் காலியாக இருக்கிறது.