தாயாருக்காக வாங்கிய வீடு

லிட்டில் இந்தியாவிலிருந்து சிராங்கூன் சாலை வழியாகச் சென்று, லாவண்டர் ஸ்திரீட் சந்திப்பில் இடப்பக்கம் திரும்பினால் பாலஸ்டியர் வட்டாரம். அங்கே தை ஜின் சாலையில், பர்மிய பௌத்த ஆலயத்துக்குப் பக்கத்தில், அகன்ற தாழ்வாரத்துடன் ஓர் ஈரடுக்கு பங்களா இருக்கிறது.

வணிகர் தியோ எங் ஹோக் 1905ல் தம் தாயாருக்காக இந்த வீட்டை வாங்கி, ‘வான் சிங் யுவான்’ என்று பெயரிட்டார். முதுமையின் அமைதியைக் குறிக்கும் பெயர் அது. ஆனால் அடுத்த ஆண்டே அந்த அமைதி போயிற்று. சீனாவில் மன்னராட்சியை வீழ்த்தப் போராடிய டாக்டர் சன் யாட் சென்னுக்குத் தியோ வீட்டைத் திறந்துவிட்டார்.

1866ல் குவாங்டோங் கிராமம் ஒன்றில் பிறந்த சன், ஹாங்காங்கில் மருத்துவம் படித்தவர். 1895ல் அவர் திட்டமிட்ட கிளர்ச்சி தோற்றதால் நாடுகடந்து வாழ்ந்தார். 1900ல் சிங்கப்பூர் வந்தபோது பிரிட்டிஷ் அரசு ஐந்தாண்டு தடை விதித்தது. அப்படிப்பட்டவருக்கு இடம் கொடுப்பது விளையாட்டுக் காரியமல்ல.

1906ல் அவரது தோங்மெங்ஹுய் இயக்கத்தின் சிங்கப்பூர்க் கிளை இங்கே பிறந்தது. குடும்பம் புழங்க வேண்டிய அறைகளில் ஆள் திரட்டுவதும் நிதி சேர்ப்பதும் நடந்தன. இயக்கக் கொடியைத் தைத்தவர் தியோவின் மனைவி என்று சொல்லப்படுகிறது. தியோவின் மருமகன் முறை உறவினரான லிம் நீ சூனும் துணை நின்றார். இன்றைய யீஷூன் நகர் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

1907, 1908ஆம் ஆண்டுகளில் ஹுவாங்காங், ஜென்னான்குவான், ஹெக்கோ என அடுத்தடுத்து மூன்று எழுச்சிகள். மூன்றும் தோல்வி. ஹெக்கோவில் தோற்ற நூற்றுக்கணக்கானோர் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்குச் சோறும் வேலையும் தேட வேண்டியிருந்தது. சிலருக்காகக் கல்லுடைக்கும் குவாரியே தொடங்கினார்கள். புரட்சி என்றதும் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். இந்த வீட்டுக்காரர்களுக்கு அது பெரும்பாலும் செலவுக் கணக்கு.

1911 அக்டோபரில் வூச்சாங் எழுச்சி வென்றபோது சன் அமெரிக்காவில் இருந்தார். டிசம்பரில் சிங்கப்பூர் வழியே நாடு திரும்பி, 1912 ஜனவரி 1ஆம் தேதி தற்காலிக அதிபரானார். பதவி சில வாரங்களே நீடித்தது. 1925ல் புற்றுநோயால் காலமானார்.

பிறகு வீடு கைமாறிப் பாழடைந்தது. 1937ல் சீன வணிகர்கள் அறுவர் அதை வாங்கிச் சீன வர்த்தக சபையிடம் ஒப்படைத்தனர். ஜப்பானியர் ஆட்சியில் ராணுவம் அதைப் பயன்படுத்தியது. 1994ல் தேசிய நினைவுச்சின்னமான அந்த வீட்டின் கூடமும் மாடி அறைகளும் இன்று அரும்பொருளகக் காட்சிக்கூடங்கள். தியோ தாயாருக்காக வைத்த பெயர் இன்றும் வழங்குகிறது.